கொழும்புத் தெருவில் மைக்கை நீட்டுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தெருப் பேட்டிச் சனல் ஒன்று தொடங்க நினைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் விசாரிப்பது எந்தக் கெமரா வாங்கலாம் என்றுதான். 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தின் எத்தனையோ காட்சிகள் சாதாரணப் போன்களிலிருந்தே நேரலையாகப் போயின. போன் போதும். கெட்டுப்போவது பெரும்பாலும் கேள்விதான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1. கேள்வியை வீட்டிலேயே செதுக்குங்கள்

"நாட்டு நிலைமை எப்படி அண்ணே?" என்று கேட்டால் மட்டக்குளி முதல் வெள்ளவத்தை வரை ஒரே பதில்தான்: ஒரு பெருமூச்சு, "என்ன செய்ய, போகுது." அந்த வீடியோவை யாரும் கடைசிவரை பார்க்க மாட்டார்கள். பதில் சொல்பவருடைய பையிலும் அன்றாடத்திலும் இருக்கிற ஒன்றைக் கேளுங்கள். "போன மாதம் வாங்கி, இந்த மாதம் வாங்காமல் விட்ட சாமான் எது?" இதற்குப் பெருமூச்சு விட்டுத் தப்ப முடியாது. பால்மாவோ மீனோ, ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னதும் அதன் பின்னாலேயே கதை வரும்.

"விலைவாசி தாங்க முடியவில்லை, இல்லையா?" என்பது கேள்வியே இல்லை. பதிலை நீங்களே ஊட்டிவிட்டு வாயை மட்டும் அசைக்கச் சொல்கிறீர்கள். இப்படித்தான் பாதிச் சனல்கள் ஓடுகின்றன, அது வேறு விஷயம்.

கேள்வியை முதலில் அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கேட்டுப் பாருங்கள். "ஓம்", "இல்லை" என்று முடித்துவிட்டால் மாற்றுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி. எல்லாரிடமும் அதே சொற்களில் கேளுங்கள். பிறகு "ஏன்?", "அப்புறம்?" என்று தொடரலாம். அதற்கு மேல் நீங்கள் கதைக்கத் தேவையில்லை.

2. இடமும் நேரமும்

புறக்கோட்டைப் பிரதான வீதியில் காலையில் வண்டி தள்ளும் நாட்டாமிகளை நிறுத்தாதீர்கள். சுமைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரின் நேரம் அது. தேத்தண்ணிக் கடையில் அவர்கள் குந்தும் நேரம் பார்த்துப் போனால் தாங்களாகவே கதைப்பார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காக முஸ்லிம் கடைகள் பல சாத்தியிருக்கும். செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்களுக்குக் கெமரா என்றால் ஆகாது. அவர்கள் பயம் நியாயமானது, விட்டுவிடுங்கள்.

காலிமுகத்திடலுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். இஸ்ஸோ வடையும் கையுமாக நிற்பவருக்கு அவசரம் இருக்காது. வெள்ளவத்தையில் காலி வீதியை விட்டுக் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் அமைதியானவை.

இன்னொன்று. வெள்ளவத்தையில் மட்டும் எடுத்தால் ஒரு வகைக் குரல்தான் கிடைக்கும். புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் மலையகப் பையன்கள், தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை என்று நடந்தால்தான் கொழும்புத் தமிழ் முழுசாகக் கேட்கும்.

3. சத்தம் முதலில், படம் பிறகு

விலை குறைந்த வயர் மைக் ஒன்றும் அதற்கொரு பஞ்சு உறையும் வாங்குங்கள். காலிமுகத்திடல் காற்றுக்கு ரோமம் வைத்த உறைதான் தாங்கும். மைக் பேசுபவருடைய மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், உங்கள் கையில் இருக்கட்டும். அவர் கையில் கொடுத்தால் பேச்சு வேகத்தில் இடுப்புக்கு இறங்கிவிடும்.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நல்ல பதிலின் நடுவில்தான் அழைப்பு வரும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கடைக்குள் டியூப் லைட்டுக்குக் கீழே செக்கனுக்கு 30 பிரேமில் எடுத்தால் படம் மினுங்கலாம். 25 பிரேமும் ஷட்டர் வேகம் 1/50 செக்கனும் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாலைச் சூரியனைப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் விடாதீர்கள், முகம் கறுத்துப்போகும்.

கடை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடினால் நாலு கடை தள்ளிப் போங்கள். பின்னணியில் கேட்கும் அந்தப் பாட்டை யூடியூப் கண்டுபிடித்து உரிமைகோரல் போடும். வீடியோவில் வரும் காசு பாட்டின் சொந்தக்காரருக்குப் போய்விடும்.

4. அணுகுவதும் அனுமதியும்

கேட்கும்போது போனைக் கீழே பிடியுங்கள். முகத்துக்கு நேரே கெமராவை நீட்டிக்கொண்டே அனுமதி கேட்பது மரியாதை இல்லை. வயதானவர் என்றால் ஐயா, அம்மா. முஸ்லிம் கடைக்காரர் என்றால் நானா. சிங்களவர் என்றால் அய்யே, அக்கே. எந்த மொழியில் கதைக்க விருப்பம் என்று அவரையே கேளுங்கள். சிங்களக் கேள்வியைத் தெரிந்தவரிடம் காட்டித் திருத்தி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிறகு இப்படி:

"ஐயா, ஒரு நிமிஷம். நான் யூடியூபில ஒரு சனல் செய்யிறன், இதுதான் சனல், பாருங்கோ. சாமான் விலையைப் பற்றி ஒரேயொரு கேள்வி. முகம் தெரியும். சரியா?"

பேசி முடித்ததும் பதிவு ஓடும்போதே மறுபடி கேளுங்கள்: "இதைப் போடலாமா?" முதல் சம்மதம் கொடுக்கும்போது தான் என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கே தெரியாது. இரண்டாவது சம்மதம்தான் கணக்கு. வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துக் காட்டுங்கள்.

அரசியல் கேள்விக்குத் தமிழர் ஒருவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். போர்க்காலத்தில் சோதனைச்சாவடியும் பொலிஸ் பதிவுமாக இந்த நகரில் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பியதைக் கண்டவர்களும் இருக்கிறார்கள். முகம் வேண்டாம் என்றால் கைகளை மட்டும் எடுங்கள், குரல் போதும். சிறுவர்களைப் பெற்றோர் இல்லாமல் எடுக்காதீர்கள். குடித்திருப்பவரை எடுக்கவே வேண்டாம்.

இராணுவ முகாம், பொலிஸ் காவலரண், தூதரகம், திடலின் வடக்கு முனையில் உள்ள ஜனாதிபதி செயலகம் ஆகியவற்றின் பக்கம் கெமராவைத் திருப்பாதீர்கள். கோட்டை ரயில் நிலையம் என்றால் வெளியே ஒல்கொட் சிலைப் பக்கம் நில்லுங்கள், உள்ளே எடுப்பதற்கு அனுமதி வாங்குங்கள். ஷொப்பிங் மோல்கள் தனியார் இடம். பொலிஸ்காரர் வந்து விசாரித்தால் பதிவை நிறுத்திவிட்டுப் பெயரையும் வேலையையும் தெளிவாகச் சொல்லுங்கள். அங்கே வாக்குவாதம் வேண்டாம்.

5. வெட்டுவது

அன்றிரவே கோப்புகளை இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். மூலப்பதிவை அழிக்காதீர்கள். நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று யாராவது வந்தால் அதுதான் சாட்சி.

எடிட்டிங்கில் பொய் நுழையும் இடம் ஒன்று உண்டு. நம் ஆட்கள் "நல்லதுதான், ஆனா..." என்று தொடங்குவார்கள். அவர் மனதில் உள்ளது அந்த "ஆனா"வுக்குப் பின்னால்தான் வரும். அதற்கு முன்னால் வெட்டினால் வாய் அவருடையது, கருத்து உங்களுடையது. நேரம் போதாவிட்டால் அந்தப் பேட்டியை முழுசாக விட்டுவிடுங்கள், பாதியாகப் போடாதீர்கள்.

யாராவது இன்னொருவரைப் பெயர் சொல்லித் திருடன் என்றால், சொன்னவர் அவரென்றாலும் வெளியிட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆதாரம் இல்லையா, நீக்குங்கள். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பொய்க் கூற்றுகள் பற்றி என்ன இருக்கிறது, 2007இன் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு வெறுப்பைத் தூண்டும் பேச்சைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை வெளியிடும் முன் ஒருமுறையாவது வாசித்துவிடுங்கள். இரண்டும் தமிழில் இருக்கின்றன.

தமிழ்ப் பேச்சுக்குச் சிங்களத்திலும் சிங்களப் பேச்சுக்குத் தமிழிலும் கீழெழுத்துப் போடுங்கள். மலையகத்தவரின் பேச்சையோ முஸ்லிம்களின் பேச்சையோ எழுத்தில் "திருத்த" வேண்டாம்.

6. வெளியிடுவது

எட்டுப் பேரிடம் கேட்டுவிட்டு "கொழும்பு மக்கள் கொதிப்பு" என்று தலைப்பு வைக்காதீர்கள். எத்தனை பேர், எந்த இடம், எந்தத் திகதி என்பதை விவரப் பகுதியில் எழுதுங்கள். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். ஷோர்ட்ஸ் மட்டும் போடுபவர் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. சம்பளத்தை உடனே விட்டுவிடாதீர்கள்.

வீடியோ வந்த பிறகு யாராவது அழைத்து, "முதலாளி பார்த்திட்டார், எடுத்துவிடுங்கோ" என்று கெஞ்சலாம். வாதாடாதீர்கள். முழு வீடியோவையும் அழிக்கத் தேவையில்லை. யூடியூப் ஸ்டூடியோவின் எடிட்டரில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டலாம், முகத்தை மங்கலாக்கவும் முடியும். லிங்க் மாறாது, பார்வை எண்ணிக்கையும் போகாது.