பெயர் வைக்கும் முன் அந்தப் பூவை முகர்ந்து பாருங்கள்

என் பெயர் மல்லிகா. என் அம்மாவின் பெயர் பூவாத்தாள். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ஒன்றரை ஏக்கரில் முல்லையும் மல்லியும் இருக்கின்றன. 34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். சேர்க்கைப் பதிவேட்டில் ஊர்க் குழந்தைகளின் பெயர்களை என் கையால் எழுதியவள். அதனால் அக்கம்பக்கத்தில் பெண் குழந்தை பிறந்தால், "டீச்சர், நல்லதாக ஒரு பூப்பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டு வந்துவிடுவார்கள். போன தை மாதம், தைப்பூசம் கழிந்த இரண்டாம் நாள், மக நட்சத்திரத்தில் என் மகனுக்கே பெண் பிறந்தாள். அவளுக்குப் பெயர் தேடிய அந்த ஒரு மாதத்தில் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, கைபேசியில் பெயர்ப் பட்டியலைத் திறக்காமல் செடிக்குப் பக்கத்தில் போவது. என் மகன் ஒரு நாள் இரவு மூன்று பெயர்களைச் சொன்னான், மூன்றும் பூப்பெயர்கள். "இதில் எந்தப் பூவை நீ பார்த்திருக்கிறாய்?" என்று கேட்டேன். ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. மறுநாள் விடிகாலை மூன்றரை மணிக்கு அவனை எழுப்பி, நெற்றியில் விளக்கைக் கட்டி, பூப்பறிக்க வரும் ஆட்களோடு அனுப்பினேன். மல்லி மொட்டு குண்டாக, முத்துப்போல விரலுக்கு அகப்படும். முல்லை ஊசிபோல மெலிந்தது, ஒரு கிலோ சேர்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். வேலியோரம் வைத்திருக்கும் ஜாதிமல்லியின் மொட்டில் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். மூன்றையும் உள்ளங்கையில் வைத்து அவன் முகர்ந்து பார்த்தான். மல்லியின் வாசம் எட்ட இருந்தே கூப்பிடும். முல்லையை நாம் தேடிப் போக வேண்டும். அந்த வேறுபாடு மூக்குக்குத் தெரிந்த பிறகு பெயர் தேடுவதே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. தோட்டம் இல்லாதவர்கள் சத்தி பூ மார்க்கெட்டுக்குக் காலையில் ஒரு நடை போனால் போதும். ஏலத்துக்கு வந்திருக்கும் கூடைகளை ஒரு சுற்றுச் சுற்றினாலே பாதிப் பெயர்கள் கண்ணில் பட்டுவிடும்.

அடுத்து, பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். என் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். தமிழில் மல்லிகை, வடமொழியில் மல்லிகா. பள்ளியில் படிக்கும்போது இது வெறும் பழைய காலத்துப் பெயர் என்று எனக்கு ஒரு குறை இருந்தது. பிறகுதான் புத்தர் காலத்துக் கோசல அரசன் பசேனதியின் அரசிக்கு மல்லிகா என்று பெயர் என்பதைப் படித்தேன். அவள் மாலை கட்டுகிறவர்களின் தலைவருடைய மகள் என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. பூக்கட்டும் குடும்பத்தில் பிறந்து அரசியானவளின் பெயர் எனக்கு வாய்த்திருக்கிறது என்று தெரிந்த நாளில் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மடியிலிருந்த சரத்தைக் கீழே வைக்காமல், "நம்ம வேலைதானே கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த முடிச்சைப் போட்டார். இதே மல்லிகைதான் 1934 முதல் பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலர். எங்கள் தெருவில் இருக்கும் யாஸ்மினின் பெயரும் பாரசீக மொழியில் மல்லிகைதான். நாங்கள் இருவரும் ஒரே பெயர்க்காரிகள் என்று சொன்னபோது அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

வேர் தெரிந்தால் ஒரே பூவையே வேறு வேறு பெயர்களில் சூட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். பங்கஜம் என்றால் சேற்றில் பிறந்தது. அம்புஜம், நீரில் பிறந்தது. சரோஜா, குளத்தில் பிறந்தது. வனஜாவில் வரும் 'வன'த்துக்கு நீர் என்ற பொருளும் உண்டு. கமலம், பத்மா, நளினி என்று எதைச் சொன்னாலும் எல்லாம் தாமரைதான். பாட்டி பெயர் பங்கஜம், பேத்திக்கு அதையே வைத்தால் பழையதாகத் தோன்றுகிறது என்று வருந்துகிறவர்களிடம், "தாமரை என்று வையுங்கள், பாட்டி பெயரை விட்டதாகவே ஆகாது" என்று சொல்வேன். இரண்டு பெண்கள் இருக்கும் வீட்டுக்குத் தாமரையும் அல்லியும் நல்ல இணை. ஒருத்தி பகலில் மலர்கிறவள், இன்னொருத்தி இரவில்.

எந்தப் பெயர் எப்போது பரவியது என்பதை என் பதிவேடுகளிலேயே பார்த்தேன். தாய்மார்களின் பெயர்ப் பகுதியில் பூவாத்தாள், பூவாயி என்று நிறைய எழுதியிருக்கிறேன். கொங்கு நாட்டில் செல்லாத்தாள், மயிலாத்தாள், பழனியாத்தாள் என்று பெயர் முடிவில் ஆத்தாள் வந்து நிற்பது வழக்கம். அந்த வரிசையில் பூவுக்கும் ஓர் இடம் இருந்தது. என் வயதுக்காரிகள் மல்லிகா, சரோஜா, செண்பகம். எனக்கு இளையவர்களில் பூங்கொடி, மலர்விழி, தாமரைச்செல்வி, அல்லி. மறைமலை அடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் தடம் அந்தப் பெயர்களில் தெரியும். அதற்குப் பிறகு நான் எழுதிய பக்கங்களில் பூக்கள் மெல்ல மெல்லக் காணாமல் போயின. வடமொழி ஒலியில், ஸ்ரீ சேர்த்து, பொருள் கேட்டால் பெற்றோருக்கே சொல்லத் தெரியாத பெயர்கள் நிறைந்தன. ஒரு குழந்தையிடம் உன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டு, அது விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும். ஓய்வு பெறுவதற்கு முன்னால் சில ஆண்டுகளாக முல்லை, குறிஞ்சி, நறுமுகை என்று மறுபடியும் எழுதத் தொடங்கினேன். அப்படி ஒரு பெயரை எழுதும் நாளில் என் கையெழுத்தே நன்றாக இருக்கும்.

நறுமுகை என்றால் மணமுள்ள மொட்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சொல் உண்டு: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். முகை என்பது விரியக் காத்திருப்பது, குழந்தைக்கு மிகப் பொருத்தம். வீ என்பது உதிரும் பூ. சின்னதாக, புதுமையாக இருக்கிறது என்று அதை எடுத்து வைத்துவிடாதீர்கள்.

பூவின் குணமும் அப்படித்தான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். பெயர் தேடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. ஆனால் பட்டியலில் இருக்கும் எல்லாமே பெண் குழந்தைக்கு ஏற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். அனிச்சம் முகர்ந்தாலே வாடிவிடும் என்பதை வள்ளுவர் சொல்லி நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஒருவர் சொல்லுக்கு வாடிப்போகிற பெண்ணாக என் பேத்தி வளர வேண்டாம். காந்தள் அழகான பெயர், பெண்ணின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன பூ, தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்களே கண்வலிக் கிழங்கு, அதன் பூதான் காந்தள். கிழங்கிலும் விதையிலும் நஞ்சு உண்டு, அந்த விதை மருந்து செய்யப் போகிறது. நஞ்சு என்பதற்காகப் பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. நாளைக்குப் பள்ளியில் யாராவது விஷச்செடி என்று சொன்னால், "என் பூ மருந்தும் ஆகும்" என்று அவள் நிமிர்ந்து சொல்லும்படி வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. மூணாறில் 2006இல் பூத்தது, பிறகு 2018இல். குறிஞ்சி என்று பெயர் வைத்தால் 2030இல் குழந்தையை அழைத்துக்கொண்டு போய் அவளுடைய பூவைக் காட்டுவதாக இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆவாரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முன் காப்புக்கட்டுக்கு வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் எங்கள் வீட்டு இறவாணத்தில், அதாவது கூரை விளிம்பில், செருகுவது ஆவாரம்பூ. பூப்பறிக்கும் நோம்பி அன்று நாங்கள் பாவாடை கட்டிக்கொண்டு கூட்டமாகக் காட்டுக்குப் போய்ப் பறித்து வந்து, நடுவில் குவித்துக் கும்மியடித்ததும் ஆவாரம்பூவைத்தான். மழை பொய்த்த ஆண்டிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும். ஆனால் 34 ஆண்டுகளில் ஆவாரை என்ற பெயரை நான் ஒருமுறைகூட எழுதியதில்லை. கொங்கு நாட்டுப் பெண் ஒருத்தியாவது இந்தப் பெயரோடு வளர வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

நட்சத்திர எழுத்து பார்க்கும் வீடாக இருந்தால் அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். பூக்கள் எல்லா எழுத்திலும் இருக்கின்றன. எங்கள் பேத்திக்கு மகம் என்பதால் ம, மி, மு, மே வந்தது. மல்லிகை, மகிழ், முல்லை எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன.

பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் மட்டும் போதாது. தோட்டத்து மேட்டில் நின்றுகொண்டு கிணற்றடிக்குக் கேட்கும்படி கூப்பிட வேண்டும். நீளமான பெயர் அந்தத் தூரத்தில் உடையும், எந்தத் துண்டு மிஞ்சுகிறது என்று அப்போது தெரியும். என் வகுப்பில் ஒரே ஆண்டில் தாமரைச்செல்வி, தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி மூவரும் இருந்தார்கள். மூவரும் செல்விதான். தாமரை இருந்த இடமே தெரியவில்லை. பூ நிலைக்க வேண்டுமானால் பெயரைப் பூவோடு நிறுத்திவிடுவது நல்லது.

எழுத்துக்கு வருகிறேன், இதில் நான் பட்டது போதும். ஓய்வு பெற்றபோது ஓர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் என் பெயரை எழுதியவர் ஒரு 'எல்'லை விட்டுவிட்டார். மற்றக் கோப்புகளில் இரண்டு 'எல்', இதில் ஒன்று. இரண்டு பேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க ஏழு மாதம் நடந்தேன், அதுவரை ஓய்வூதியம் வரவில்லை. ஒரு 'எல்' போனால் அது மலிகா, அரபு மொழியில் அரசி என்று பொருள். நல்ல பெயர்தான், ஆனால் என் பெயர் இல்லையே. ஆகவே பெயர் முடிவானதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, அப்பா, அம்மா இருவரும் அதையே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாளைப் பார்த்தே எழுதுங்கள். அல்லியிலும் முல்லையிலும் இரண்டு 'எல்' கட்டாயம் வேண்டும். செண்பகத்துக்கு முதலெழுத்தை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள், ஒன்றை முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றக் கூடாது.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பெயரை அப்போதே சேர்த்தாக வேண்டும் என்பதில்லை. ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். அதனால் மருத்துவமனையில் அவசரப்பட்டு ஏதோ ஒரு பெயரை எழுதிக் கொடுக்காதீர்கள். அதே சமயம் ஆறப்போடவும் வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அதை ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் இரண்டு பெயர்கள் நின்றன. மகனுக்கு முல்லை. மருமகளுக்கு மகிழ். "அத்தை, மகிழம்பூ காய்ந்த பிறகும் மணக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று அவள் கேட்டாள். என்னால் மறுக்க முடியவில்லை. பாரி தேர் கொடுத்த முல்லையையும் என்னால் விட முடியவில்லை. இப்படி முடிவுக்கு வராதபோது எங்கள் பக்கம் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றி, மாரியம்மன் காலடியில் வைத்தோம். வெள்ளை வந்தால் முல்லை. பக்கத்துத் தோட்டத்து நான்கு வயதுச் சிறுமி ஒன்றை எடுத்துப் பூசாரியின் கையில் கொடுத்தாள். நூலைப் பிரித்தார். வெள்ளரளி.

தொட்டிலில் போட்ட அன்று அத்தை முறையில் என் மகள் குழந்தையின் காதில் முல்லை என்று மூன்று முறை சொன்னாள். மகிழ் இன்னும் யாருக்கும் வைக்காமல் இருக்கிறது. மகளுக்கு ஆவணியில் பேறுகாலம். ஆணானால் மகிழன், பெண்ணானால் மகிழ் என்று சொல்லிவிட்டாள். இங்கே எந்தக் கோயிலில் மகிழ மரம் இருக்கிறது என்று போன வாரம் முதல் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.