வலைப்பதிவிலும் சமூக ஊடகத்திலும் புழங்கும் சொற்கள்: புதிதாக எழுத வருபவருக்கு ஒரு கையேடு

புதிதாக வலைப்பதிவு தொடங்கும் பலர், எழுத உட்காருவதற்கு முன்பே சொற்களில் சிக்கிக்கொள்கிறார்கள். பதிவு, இடுகை, பக்கம், வகை, குறிச்சொல், ஓடை, மட்டுறுத்தல் என்று வரிசையாக எதிர்ப்படும் சொற்களில் சில ஒன்றுபோலவே தோன்றும். சிலவற்றுக்குத் தமிழில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். அகராதியைப் படிப்பதுபோல் அவற்றை மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. ஒரு சொல்லைக் கண்டதும், அது குறிக்கும் வசதியைப் பயன்படுத்தினால் யார் கண்ணில் என்ன படும், பிறகு அதை மாற்றவோ திரும்பப் பெறவோ முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பதிவர் இச்சொற்களை எதிர்கொள்ளும் வரிசையிலேயே அவற்றை இங்கே விளக்குகிறேன்.

வலைப்பதிவு, இடுகை, பக்கம்

இணையத்தில் தாம் படித்தவற்றுக்கான சுட்டிகளை நாள்தோறும் தொகுத்துவந்த ஜோர்ன் பார்கர், 1997 டிசம்பரில் அந்தத் தொகுப்பை ‘வெப்லாக்’ என்று அழைத்தார். ‘லாக்’ என்பது கப்பலில் எழுதிவைக்கும் நாட்குறிப்பேட்டையும் குறிக்கும். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அச்சொல்லை ‘வீ பிளாக்’ (we blog) என்று விளையாட்டாகப் பிரித்து எழுத, ‘பிளாக்’ என்ற சுருக்கம் நிலைத்துவிட்டது. வலைப்பதிவு நடத்த உதவும் பிளாகர் சேவை அதே ஆண்டு ஆகஸ்டிலும், அதே பணிக்கான வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003-இலும் வந்தன. தமிழில் வலைப்பதிவு, வலைப்பூ என்ற இரண்டு பெயர்களும் வழங்குகின்றன. எழுதுபவரைப் பதிவர் என்கிறோம்.

குழப்பம் ‘பதிவு’ என்ற சொல்லில் இருக்கிறது. வலைப்பதிவு என்பது முழுத் தளம்; அதில் நாம் அவ்வப்போது எழுதி வெளியிடும் ஒவ்வொரு கட்டுரையும் குறிப்பும் இடுகை. பேச்சில் இரண்டையுமே பதிவு என்று சொல்லிவிடுகிறோம். ஒருமுறை நண்பர் ஒருவரிடம், பிழையாக வெளியாகியிருந்த ஓர் இடுகையை மனத்தில் வைத்து, ‘அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னேன். அவர் வலைப்பதிவையே நீக்கிவிட்டார். பிளாகர் சேவையில், நீக்கப்பட்ட வலைப்பதிவை 90 நாள்களுக்குள் மீட்டெடுக்க வழி இருந்ததால் அவருடைய எழுத்து தப்பியது. அன்றிலிருந்து வலைப்பதிவுகளைப் பற்றிப் பேசும்போது இடுகை என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். நீங்களும் அப்படிச் செய்வது நல்லது. முகநூலிலும் எக்ஸ் தளத்திலும் இந்தச் சிக்கல் இல்லை என்பதால் அங்கே பதிவு என்றே சொல்லலாம்.

பக்கம் என்பது இடுகையிலிருந்து வேறானது. இடுகைகள் தேதி வரிசையில், புதியது மேலே இருக்கும்படி அடுக்கப்படும். பக்கம் அந்த வரிசையில் சேராமல் தனியே நிற்கும். ‘என்னைப் பற்றி’ போன்ற, காலத்தோடு பழையதாகாத செய்திகளைப் பக்கமாகவும் மற்றவற்றை இடுகையாகவும் வையுங்கள். எழுதி முடிக்காதது வரைவு. அது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

நிலைத்தொடுப்பு

தமிழில் எழுதுபவர்கள் அதிகக் கவனம் செலுத்த வேண்டிய சொல் இது என்பது என் கருத்து. ஒவ்வோர் இடுகைக்கும் உரிய மாறாத முகவரியே நிலைத்தொடுப்பு. வலைப்பதிவின் முகப்பு நாளுக்கு நாள் மாறும்; அங்கே சுட்டி கொடுத்தால், அடுத்த வாரம் வருபவர் நீங்கள் குறிப்பிட்ட இடுகையைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே பிறருடைய இடுகையைச் சுட்டும்போது முகப்பின் முகவரியைத் தராமல், இடுகையின் தலைப்பைச் சொடுக்கி, அதன்பின் தோன்றும் முகவரியைப் படியெடுத்துக் கொடுங்கள்.

பொதுவாகத் தலைப்பிலிருந்தே இந்த முகவரி தானாக உருவாகும். ஆனால் பிளாகர் சேவை முகவரியில் ரோமன் எழுத்துகளை மட்டுமே வைத்துக்கொள்வதால், தமிழ்த் தலைப்பு முழுவதும் உதிர்ந்து, ‘பிளாக் போஸ்ட்’ என்ற பொதுப்பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே மிஞ்சும். வேர்ட்பிரஸ் தமிழ் எழுத்துகளை ஏற்றுக்கொள்ளும். எனினும் அந்த முகவரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், ஒவ்வோர் எழுத்தும் விழுக்காட்டுக் குறிகளாகச் சிதறி, நான்கைந்து வரிக்கு நீளும் புரியாத சரமாகிவிடுவதுண்டு. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: வெளியிடுவதற்கு முன் நிலைத்தொடுப்புக்கான பெட்டியைத் திறந்து, இடுகையின் பொருளைக் குறிக்கும் இரண்டு மூன்று சொற்களை ரோமன் எழுத்தில் நீங்களே இட்டுவிடுங்கள். வெளியிட்ட பிறகு அதை மாற்றாதீர்கள். பழைய முகவரியைச் சுட்டியிருக்கும் எல்லா இடங்களிலும் தொடுப்பு அறுந்துபோகலாம்.

வகை, குறிச்சொல், ஹேஷ்டேக்

வகை என்பது நூலகத்தின் அலமாரி போன்றது. கவிதை, பயணம், சமையல் என்று தளத்தில் உள்ளவற்றைப் பெரும்பிரிவுகளாகப் பிரிக்கும். குறிச்சொல் என்பது ஓர் இடுகையில் பேசப்படும் ஊர், ஆள், பொருள் முதலியவற்றைச் சுட்டும் சிறு சீட்டு. வேர்ட்பிரஸ் இரண்டையும் தனித்தனியே தருகிறது. பிளாகரில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வசதிதான். வகைகளைக் கைவிரல்களுக்குள் அடங்கும்படி வைத்துக்கொண்டால், ஒரு வகையைத் திறப்பவருக்குப் படிக்க ஒரு கட்டு இடுகைகள் கிடைக்கும்.

ஹேஷ்டேக் என்பதும் குறிச்சொல்தான், ஆனால் அது உங்கள் தளத்தோடு நிற்பதில்லை. அதே குறியைப் பயன்படுத்திய எல்லாருடைய பதிவுகளையும் ஓரிடத்தில் கொண்டுவருகிறது. 2007 ஆகஸ்டில் ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) கிறிஸ் மெசினா இதை முன்மொழிந்தார். இடைவெளியோ நிறுத்தற்குறியோ வந்த இடத்தில் ஹேஷ்டேக் முடிந்துவிடும் என்பதால், இரண்டு சொற்களைச் சேர்த்து எழுத வேண்டும், அல்லது இடையில் அடிக்கோடு இட வேண்டும். தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வருகிறது. ‘#சென்னை’ என்பதும் ‘#சென்னையில்’ என்பதும் கணினிக்கு இரு வேறு குறிகள். வாக்கியத்தின் நடுவே உருபோடு சேர்த்துக் குறியிட்டால், உங்கள் பதிவு யாரும் தேடாத தனிக் குறியின்கீழ்ப் போய் அடங்கிவிடும். ஆகவே வாக்கியத்தை இயல்பாக எழுதி முடித்துவிட்டு, உருபு ஏறாத சொல்லைக் கடைசியில் ஹேஷ்டேக்காக இடுங்கள்.

ஓடை, திரட்டி, மறுமொழி

உங்கள் இடுகைகளின் தலைப்பு, சுருக்கம், தொடுப்பு ஆகியவற்றைப் பிற மென்பொருள்கள் படிக்கும் வடிவில் தளம் தானாக உருவாக்கும் கோப்பே ஓடை. செய்தியோடை என்றும் சொல்வர். பல வலைப்பதிவுகளின் ஓடைகளைச் சேர்த்து ஒரே இடத்தில் காட்டுவது திரட்டி. 2004-இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் திரட்டி வழியாகத்தான் ஒரு தலைமுறைப் பதிவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். முகநூலின் வளர்ச்சியோடு திரட்டிகளின் செல்வாக்கு குறைந்தது. கூகிள் நிறுவனமும் தன் ஓடைவாசிப்புச் சேவையை 2013 ஜூலை 1 அன்று மூடிவிட்டது. ஆனாலும் ஓடை இன்றும் இயங்குகிறது. எந்த நிறுவனமும் இடையில் நின்று தேர்ந்தெடுக்காமல், எழுதியது அனைத்தும் எழுதிய வரிசையில் வாசகரிடம் சேர்வதற்கு இதைப் போன்ற எளிய வழி வேறில்லை என்பதால், அமைப்பில், சுருக்கத்தோடு நிற்காமல் இடுகை முழுவதையும் அனுப்பும் ‘முழு ஓடை’யைத் தெரிவுசெய்து வையுங்கள்.

இடுகையின் அடியில் வாசகர் எழுதுவது மறுமொழி அல்லது பின்னூட்டம். வெளியாகும் முன் அதைப் படித்து அனுமதிப்பது மட்டுறுத்தல். தொடக்கத்தில் மட்டுறுத்தலை இயக்கி வைப்பதே நல்லது. பழைய இடுகைகளின் அடியில் விளம்பரத் தொடுப்புகளைக் கொட்டும் எரிதங்களை (ஸ்பேம்) அது தடுக்கும். பழைய தமிழ் வலைப்பதிவுகளைப் படிப்பவருக்கு வேறு சில சொற்களும் எதிர்ப்படும். பொறுப்புத் துறப்பாக இடுகையின் முடிவில் எழுதும் குறிப்பு ‘டிஸ்கி’. பெயர் சொல்லாமல் எழுதுபவர் ‘அனானி’. பொருளை விட்டு விலகி நண்பர்கள் கூடி மறுமொழிகளை நூற்றுக்கணக்கில் அடுக்குவது ‘கும்மி’. முதல் மறுமொழி இட்டவருக்குக் கிடைப்பது ‘வடை’. எந்த அகராதியும் தராத இச்சொற்களை நம் பதிவர்கள் அன்றாட உரையாடலிலேயே உருவாக்கிக்கொண்டார்கள் என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டு.

சமூக ஊடகச் சொற்கள்

இங்கே முதலில் அறிய வேண்டியது உறவின் வகை. முகநூலில் நட்பு இருவரும் ஒப்புக்கொண்டால்தான் அமையும். அதற்கு 5,000 பேர் என்ற வரம்பும் உண்டு. பின்தொடர்தல் ஒருதலையானது, பொதுக் கணக்காக இருந்தால் உங்கள் ஒப்புதல் தேவையில்லை. ஒவ்வொரு பதிவையும் வெளியிடும் முன், அது பொதுவில் செல்கிறதா, நண்பர்களுக்கு மட்டும் செல்கிறதா என்று பாருங்கள். ஸ்டோரியும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறையும் என்றாலும், பார்த்தவர் திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருக்கலாம் என்பதால், அவற்றைத் தற்காலிகம் என்று எண்ணி எழுத வேண்டாம்.

பகிர்தலிலும் வகைகள் உள்ளன. மறுபகிர்வு பிறர் பதிவை அப்படியே கொண்டுசெல்லும். மேற்கோள் பகிர்வில் உங்கள் கருத்தும் சேரும். மாற்றுக் கருத்து இருந்தால் மேற்கோள் வழியே சரி. வெறும் மறுபகிர்வை ஆதரவு என்றே பலரும் கொள்வர். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின்மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. அந்தக் குறியைக் கண்டால் முதலில் செய்தியின் மூலத்தைத் தேடுங்கள்.

எண்களைக் குறிக்கும் சொற்களில் ‘ரீச்’ என்பது பதிவைக் கண்ட தனித்தனிக் கணக்குகளின் எண்ணிக்கை; ‘இம்ப்ரெஷன்’ என்பது அது திரையில் தோன்றிய மொத்தத் தடவைகள். ஒருவரே ஐந்து முறை பார்த்தால் முன்னது ஒன்று, பின்னது ஐந்து. விளம்பரதாரரிடம் பேசும்போது எதைச் சொல்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு எழுதினால் அதை விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்பதை இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-இல் வழிகாட்டுதலாகவே வெளியிட்டுள்ளது.

கணக்கின் பெயருக்கு அருகில் தெரியும் நீலக்குறியின் பொருளும் மாறிவிட்டது. ட்விட்டரில் 2009 முதல், கணக்கு உண்மையில் அந்த நபருடையதே என்பதற்கு அது சான்றாக இருந்தது. 2023 ஏப்ரலில் பழைய குறிகள் அகற்றப்பட்டபின், கட்டணம் செலுத்துபவரும் அதைப் பெற முடிகிறது. அதை மட்டும் நம்பி ஒருவரின் அடையாளத்தை முடிவுசெய்யாதீர்கள்.

இறுதியாக, தொல்லை தருபவரை விலக்கும் சொற்கள். ‘மியூட்’ செய்தால் அவருடைய பதிவுகள் உங்களுக்குத் தெரியாது. அவருக்கு அது தெரிவிக்கப்படாது. உறவினர், அலுவலக நண்பர் போன்றோரிடம் மனக்கசப்பு வராமல் விலகியிருக்க இதுவே ஏற்றது. ‘பிளாக்’ (block), அதாவது தடுப்பு, செய்தால் அவர் உங்களைத் தொடர்புகொள்ள முடியாது. ஆனால் எக்ஸ் தளத்தில் 2024 நவம்பருக்குப் பின், தடுக்கப்பட்டவரும் உங்கள் பொதுப் பதிவுகளைப் படிக்கலாம், பதில் எழுதத்தான் முடியாது. அவர் படிக்கவே கூடாது என்றால், கணக்கை, நீங்கள் ஒப்புக்கொண்டவர் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டிய கணக்காக மாற்றிவிட்டு, பின்தொடர்வோர் பட்டியலை ஒருமுறை முழுவதும் பார்த்துவிடுங்கள்.