தோட்டத்துப் பிள்ளைகளுடன் ஒரு ரோபோ செய்யலாம்

ரோபோ என்றதும் பிள்ளைகள் கை, கால், தலையோடு ஒரு உருவத்தைத்தான் வரைவார்கள். நான் தேயிலை பெக்டரியிலுள்ள கலர் சோர்ட்டரைச் சொல்வேன். கமெரா தேயிலையின் நிறத்தைப் பார்க்கிறது, காம்பு வந்தால் காற்றை ஊதி ஒதுக்குகிறது. பார்த்து, முடிவெடுத்து, செய்கிற இயந்திரம், உருவம் முக்கியமில்லை. அதைக் கையால் செய்து புரிந்துகொள்ள, வெள்ளைப் பரப்பில் கறுப்பு டேப்பால் ஒட்டிய கோட்டில் ஓடும் சிறு வண்டி நல்லது. ஹட்டன் பக்கத்தில் ஒன்பதாம் தரப் பிள்ளைகளுடன் நான் செய்வது இதுதான்.

வேண்டியவை: ப்ரோக்ராமை ஓட்டும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ ஊனோ ஒன்று, அதன் கட்டளைப்படி மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் மோட்டர் டிரைவர், கியர் மோட்டரும் சக்கரமும் இரண்டிரண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் தரையைப் பார்க்கும் சென்சர் இரண்டு, சார்ஜ் ஏற்றக்கூடிய 18650 லித்தியம் செல் இரண்டு, முன்னால் எப்பக்கமும் உருள ஒரு காஸ்டர் சக்கரம். சட்டத்துக்குத் தடித்த அட்டை போதும், காசு செலவழிக்க வேண்டாம்.

செல் இரண்டையும் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட். டிரைவரிலேயே ஏறக்குறைய 2 வோல்ட் போய்விடும், மிச்சம் மோட்டருக்குச் சரியாக இருக்கும். டிரைவரின் கிரவுண்டையும் (GND என்று குறித்த முனை) ஊனோவின் கிரவுண்டையும் கட்டாயம் சேருங்கள். செல் முனைகள் ஒன்றோடொன்று தொட்டால் தீப்பிடிக்கலாம், அதனால் சார்ஜ் ஏற்றுவது பெரியவர்கள் வேலை. வயர் பூட்டும்போது பையன்கள் முந்திக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் கையிலும் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்கள்.

சென்சருக்குத்தான் பொறுமை வேண்டும். வெள்ளை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். சென்சர் இரண்டும் டேப்பின் இரு பக்கமும் வெள்ளையில், தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். வெள்ளையையும் கறுப்பையும் சென்சர் சரியாகப் பிரித்தறியும் வரை, அதிலுள்ள சின்னத் திருகை மெதுவாகத் திருப்புங்கள். பெரும்பாலான சென்சர்களில் வெள்ளைக்கு அதிலுள்ள சின்ன விளக்கு எரியும், கறுப்புக்கு அணையும். மினுங்கும் டேப் ஒளியைத் திருப்பி அனுப்பி ஏமாற்றும், மங்கலானதை வாங்குங்கள். எங்கள் பக்கம் பனிமூட்டம் விலகிச் சட்டென்று வெயில் விழும். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி பத்து மணிக்குத் தடுமாறினால் ஜன்னலைப் பாருங்கள். சென்சரைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் ஒரு மறைப்பு ஒட்டினால் போதும்.

ப்ரோக்ராம் எளிது. இரண்டும் வெள்ளையைக் கண்டால் நேரே. இடது சென்சர் கறுப்பைக் கண்டால் இடப்பக்கம், வலது கண்டால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எழுதுமுன் ஒரு பிள்ளையை டேப் மேல் நடக்கவிட்டு, மற்றவர்களைக் கட்டளை சொல்லச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சோதித்த பிறகே தரையில் விடுங்கள்.

ஓடத் தொடங்கியதும், டேப்பைக் குறுக்கே ஒட்டி ஒரு சந்தி வையுங்கள். இரண்டு சென்சரும் ஒரே நேரத்தில் கறுப்பைக் காணும். நிற்பதா, நேரே போவதா? அந்த வரியைப் பிள்ளைகளே எழுதட்டும்.