கால்பந்து ஊரில் ரக்பி லீகுக்கு ரசிகர்களைச் சேர்ப்பது எப்படி

கால்பந்தே மூச்சாக இருக்கும் ஓர் ஊரில் ரக்பி லீக் (பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி வகை) கழகம் நடத்துபவர்கள், அந்த ஊர் மக்களிடம் எதைக் கேட்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவர் சிறு வயதில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போன நாளிலிருந்து நேசித்துவரும் அணியைக் கைவிட்டு வரச் சொன்னால் அவர் வர மாட்டார். அப்படி வருபவர் நம்மையும் எளிதில் விட்டுப் போவார். ஆனால் ஆண்டில் ஐந்தாறு நாட்களை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டால், அதற்கு இடம் கொடுக்கக்கூடிய மனமும் நேரமும் பெரும்பாலான விளையாட்டு ரசிகர்களிடம் உண்டு. கால்பந்தைத் தோற்கடிக்க நினைக்காமல் அதன் பக்கத்தில் ஓர் இருக்கை கேட்பதே நம் வேலை.

இந்த வேலையில் பலரும் சறுக்கிய இடம் முதல் நாள் கூட்டம். லண்டனில் ஃபுல்ஹாம் கால்பந்துக் கழகம் 1980-இல் தன் கிரேவன் காட்டேஜ் மைதானத்திலேயே ஒரு ரக்பி லீக் அணியைத் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் அந்த அணி வட இங்கிலாந்தின் விகன் அணியை 24-5 என வென்றபோது 9,554 பேர் பார்த்தார்கள். நான்கு ஆண்டுகளில் அந்த மைதானத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் அதே கழகம் ஃபுல்ஹாம், லண்டன் குரூசேடர்ஸ், லண்டன் பிரான்கோஸ், ஹார்லிகுவின்ஸ், மறுபடியும் லண்டன் பிரான்கோஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டே, தலைநகரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இடம் மாறிக்கொண்டே இருந்தது. பாரிஸில் 1996 மார்ச் 29 அன்று, ரக்பி லீகின் உயர்மட்டப் போட்டியான சூப்பர் லீகின் முதல் ஆட்டத்துக்கு 17,873 பேர் வந்தார்கள், உள்ளூர் அணியே வென்றது. ஆயினும் 1997 முடிவில் அந்த அணி இல்லை. கேட்ஸ்ஹெட் தண்டர் 1999-இல் ஒரே ஒரு பருவம் சூப்பர் லீகில் ஆடிவிட்டு ஹல் கழகத்துடன் இணைக்கப்பட்டது. கேட்ஸ்ஹெட்டுக்கு எதிரே, டைன் ஆற்றின் மறுகரையில், நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் 2022 அக்டோபர் 15 அன்று ரக்பி லீக் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தை 43,119 பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நகரத்தின் சொந்தக் கழகம் சாம்பியன்ஷிப் எனும் இரண்டாம் பிரிவின் கடைசி இடத்தில் முடிந்து கீழே இறங்கியது.

இவற்றைச் சொல்வது யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. அந்த மாலைகள் ஒவ்வொன்றும் மனமார உழைத்தவர்களால் உருவானவை. ஆனால் ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் அந்த நிகழ்ச்சிக்குத்தான் வந்தார்கள், நம் கழகத்துக்கு வரவில்லை. எனவே கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் முதல் ஆட்டத்தின் எண்ணிக்கையை விட, அன்று முதன்முறையாக வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை வந்தார்கள், எத்தனை பேர் ஐந்தாவது முறை வந்தார்கள் என்பதையே எழுதிவைக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வருபவரின் பெயரும் தொடர்பு எண்ணும் நம்மிடம் இருக்க வேண்டும். ஆகவே பெயரில்லாத இலவச டிக்கெட்டுகளைப் பள்ளி வாசலிலும் அலுவலக வாசலிலும் கட்டுக்கட்டாகக் கொடுக்கும் பழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். அவற்றில் பெரும்பகுதி குப்பைக்குப் போகும். மீதியைப் பயன்படுத்துபவர் இந்த விளையாட்டுக்கு விலையே இல்லை என்று முடிவு செய்துகொள்வார். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே வரும் ரசிகர் ஒவ்வொருவருக்கும் ஒரு விருந்தினர் டிக்கெட்டைக் கொடுத்து, அதில் விருந்தினரின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நண்பர் அழைத்து வந்தவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே விளக்கம் சொல்ல ஆள் இருக்கிறார் என்பதால், அவர் மறுபடி வருவதற்கான வாய்ப்பும் கூடும்.

அடுத்தது நாட்காட்டி. 1996-இல் சூப்பர் லீக் தொடங்கியபோது இங்கிலாந்தில் இந்த விளையாட்டின் உயர்மட்டம் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறியது. இன்று அதன் பருவம் பிப்ரவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. கால்பந்தோ ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. ஆக, ஜூனிலும் ஜூலையிலும் கால்பந்து ரசிகருக்குப் பார்க்க ஊர் அணியின் ஆட்டமில்லை, போக மைதானமில்லை. புதிய ரசிகர்களுக்கான அழைப்பு முழுவதையும் இந்த இரண்டு மாதங்களில் குவிப்பதே அறிவுடைமை. மார்ச்சில் விளம்பரம் செய்து பணத்தைக் கரைப்பதை விட, மே மாதக் கடைசி வாரத்தில் ஊரின் கால்பந்து அணி தன் கடைசி ஆட்டத்தை முடித்த மறுநாள் தொடங்குவது மேல். ஆகஸ்டுக்குப் பிறகும் ஆட்டங்கள் இருக்கும் என்பதால், ஜூனில் கால்பந்து அட்டவணை வெளியானவுடன் அதை நம் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்து, ஊர் அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாளில் நம் ஆட்டம் விழுந்திருந்தால் நேரத்தையாவது மாற்ற முயல வேண்டும். பன்னாட்டு ஆட்டங்களுக்காகப் பெரிய கால்பந்து லீகுகள் ஓய்வெடுக்கும் செப்டம்பர், அக்டோபர் வார இறுதிகள் கிடைத்தற்கரியவை. அவற்றில் ஒன்றையாவது சொந்த மைதான ஆட்டமாகக் கேட்டுப் பெறுங்கள்.

பேச்சு முறையிலும் கவனம் தேவை. கால்பந்து வீரர்கள் தொட்டாலே விழுந்து புரள்கிறார்கள், எங்கள் வீரர்கள் அடிபட்டும் எழுந்து ஓடுகிறார்கள் என்ற ஒப்பீட்டைச் சுவரொட்டியிலோ சமூக ஊடகத்திலோ ஒருமுறை கூடப் பயன்படுத்தக் கூடாது. அதைப் படித்து மகிழ்பவர்கள் ஏற்கெனவே நம்மோடு இருப்பவர்கள். யாரை அழைக்க விரும்புகிறோமோ அவர் அதைத் தன் வாழ்க்கைமீது எறியப்பட்ட கல்லாக எடுத்துக்கொள்வார். நிறங்களும் அப்படித்தான். நியூகாசிலில் சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் அது சண்டர்லாந்தின் சட்டை. அங்கே ஒரு கழகம் அதைத் தன் நிறமாக்கினால் எவ்வளவு நல்ல ஆட்டம் ஆடினாலும் மக்கள் மனம் ஒட்டாது. ஊரின் கால்பந்துப் பகை எது, அதன் நிறம் எது, எந்தத் தெரு எந்த அணியின் பக்கம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சட்டை தைக்கக் கொடுக்காதீர்கள். இரண்டு கால்பந்து அணிகள் உள்ள ஊரில் இது நமக்குச் சாதகமாகவும் அமையும்: வாரம் முழுவதும் எதிரெதிரே நிற்கும் இரண்டு தரப்பாரும் சேர்ந்து உட்கார்ந்து, ஊரின் பெயரைச் சொல்லிக் கத்தக்கூடிய ஒரே அணி நம்முடையதாக இருக்கலாம்.

இரண்டு விளையாட்டுகளும் அயலாரல்ல என்பதைச் சொல்ல வரலாறே கை கொடுக்கிறது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வட இங்கிலாந்து ரக்பி கழகங்கள் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து, பின்னாளில் ரக்பி லீகாக வளர்ந்த தனி அமைப்பைத் தொடங்கியதற்கு முக்கியக் காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் சனிக்கிழமை வேலையை இழந்து ஆட வந்த தொழிலாளிக்கு அந்த நாளின் கூலியை ஈடுசெய்ய ரக்பி யூனியன் மறுத்தது. பிரிந்தவர்கள் நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கத் தொடங்கினார்கள். அப்படிப் பிரிந்த கழகங்களில் ஒன்றான பிராட்ஃபோர்டின் மேனிங்ஹாம், புதிய அமைப்பின் முதல் சாம்பியன் பட்டத்தையே வென்றது. அதே கழகம் 1903-இல் கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்டு சிட்டி ஆயிற்று, 1911-இல் இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது, இன்றும் அதே வேலி பரேடு மைதானத்தில்தான் ஆடுகிறது. லீட்ஸின் எல்லண்டு ரோடு மைதானமும் கால்பந்துக்குப் போகும் முன் ஹோல்பெக் என்ற ரக்பி கழகத்தின் வீடாக இருந்தது. உங்கள் ஊரில் இப்படி ஒரு கதை இருக்கிறதா என்று நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் பாருங்கள். இருந்தால் அதைப் போல வலிமையான அழைப்பிதழ் வேறில்லை. இல்லையென்றால் இட்டுக்கட்டாமல் விட்டுவிடுங்கள், ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

விளையாட்டைச் சொல்லிக் கொடுக்கும்போது விதிப்புத்தகத்திலிருந்து தொடங்கக் கூடாது. கால்பந்தில் பழகிய கண் பந்து முன்னோக்கிப் போவதைத் தேடும். ரக்பி லீகில் கையால் பந்தைப் பின்னோக்கியோ பக்கவாட்டிலோதான் கொடுக்க முடியும் என்ற ஒன்றைச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். அடுத்து, ஆறு டேக்கிள் கணக்கு. பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு முறை மடக்கப்படும் வரைதான் பந்து. அதனால் ஐந்தாவது டேக்கிளுக்குப் பிறகு பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். அந்த உதையின் உயரம், அது விழும் மூலை, அதைத் துரத்தி ஓடும் ஓரவீரர் ஆகியவை கால்பந்து ரசிகர் தன் விளையாட்டிலேயே கண்டு ரசித்த காட்சிகள். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் டிரைக்கு நான்கு புள்ளி, அதன்பின் உதைக்கு இரண்டு, பெனால்டி உதைக்கு இரண்டு என்பதை மைதானத்தின் பலகையிலேயே எழுதி வைக்கலாம். இன்னொரு தடை பெயர். வட இங்கிலாந்தின் சில நகரங்களில் ரக்பி என்றாலே லீக்தான். அதற்கு வெளியே ரக்பி என்றால் பதினைந்து பேர் ஆடும் யூனியன். எங்களுடையது பதின்மூன்று பேர் ஆட்டம், கோட்டுக்கு வெளியே போன பந்துக்கு வரிசை கட்டி நிற்பதில்லை, நின்று நின்று ஆடுவது குறைவு என்று ஒரே மூச்சில் சொல்லத் தன்னார்வலர்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

முதன்முறை வருபவரை மைதானத்தில் வியக்க வைப்பது பெரும்பாலும் ஆட்டமல்ல, இருக்கைகள்தான். இங்கிலாந்தின் கால்பந்து அரங்குகளில் வெளியூர் ரசிகர்களைத் தனியாகப் பிரித்து, நடுவே காவலர்களை நிறுத்துவது வழக்கம். ரக்பி லீகில் இரு அணிகளின் சட்டைகளும் ஒரே வரிசையில் கலந்து உட்கார்ந்திருப்பது இயல்பு. சிறு குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். ஆகவே முதன்முறை வருபவர்களுக்கான இருக்கைகளைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் மலிவான மூலையில் ஒதுக்காமல், நடுக்கோட்டுக்கு அருகில், கலகலப்பான பழைய ரசிகர்களின் நடுவே ஒதுக்குங்கள். ஆட்டம் முடிந்தபின் வீரர்கள் வேலியருகே வந்து குழந்தைகளோடு பேசும் வழக்கத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். தோற்ற நாளில் அது இன்னும் முக்கியம். விற்பனையிலும் அதே அளவு பொறுமை வேண்டும். கால்பந்துக்கு ஏற்கெனவே சீசன் டிக்கெட் எடுத்திருப்பவரிடம் இன்னொரு முழுப் பருவத்தை விற்க முயலாமல், மூன்று அல்லது ஐந்து ஆட்டங்களுக்கான அட்டையை விற்பனைக்கு வையுங்கள்.

குழந்தைகளை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவராமல் எதுவும் நிலைக்காது என்பது என் உறுதியான கருத்து. பாரிஸ் அணியில் இரண்டாம் ஆண்டில் பெரும்பகுதி ஆஸ்திரேலியர்கள். ஊர்ப் பையன் ஒருவனும் களத்தில் இல்லாத அணியை ஊர் தன்னுடையதாக நினைப்பது கடினம். ஓர் உள்ளூர்ப் பள்ளியில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, அதே மாணவர்களைக் கழகத்தின் ஆட்ட நாளில் இடைவேளையில் களமிறக்குங்கள். அவர்களோடு பெற்றோரும் தாத்தா பாட்டியும் வருவார்கள். அடிபடும் என்ற பெற்றோரின் அச்சத்தைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. இடுப்பில் கட்டிய நாடாவைப் பிடுங்கும் டேக் வகையிலிருந்தே தொடங்குகிறோம், அதில் மோதலே இல்லை என்பதையும், இங்கிலாந்தில் 2024-இல் சமூக மட்ட ஆட்டங்களில் டேக்கிளின் உயரம் அக்குளுக்குக் கீழே குறைக்கப்பட்டதையும் நேராகச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி ரக்பி லீகையும் மறக்காதீர்கள். ஆணும் பெண்ணும், உடற்குறை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடக்கூடிய ஆட்டம் அது; 2022 நவம்பரில் மான்செஸ்டரில் இங்கிலாந்து பிரான்ஸை 28-24 என வென்ற உலகக் கோப்பை இறுதிப் போட்டியை 4,526 பேர் நேரில் பார்த்தார்கள். ஓர் உள்ளரங்கு கிடைத்தால் குளிர்காலத்திலும் நடத்தலாம்.

கால்பந்துக் கழகத்தின் மைதானத்தைப் பகிர்ந்துகொள்ள வாய்ப்பு வந்தால் மறுக்க வேண்டாம். ஹல்லிலும் ஹடர்ஸ்ஃபீல்டிலும் விகனிலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கையெழுத்திடும் முன் அளவு நாடாவோடு போங்கள். டிரை கோட்டுக்குப் பின்னால் பந்தைத் தரையில் வைக்கும் பகுதிக்குக் குறைந்தது ஆறு மீட்டராவது வேண்டும். கால்பந்து அரங்குகளில் விளம்பரப் பலகைகள் அந்த இடத்தைத் தின்றிருக்கும். புல்தரைப் பொறுப்பாளரோடு தொடக்கத்திலேயே நட்பாகிக்கொள்வதும் நன்று, ஏனெனில் தரை கெடுகிறது என்ற புகார்தான் இத்தகைய உறவுகளில் முதலில் எழும். குத்தகை எத்தனை ஆண்டுக்கு என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். ஃபுல்ஹாம் கதை மறுபடி நிகழாதிருக்க, பெரிய அரங்கில் ஓராண்டை விடச் சிறிய மைதானத்தில் பத்தாண்டைத் தேர்ந்தெடுங்கள்.

வெற்றி பெற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் மெல்பர்னைக் காட்டுவார்கள். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் தலைநகரில் 1998-இல் ஆடத் தொடங்கிய மெல்பர்ன் ஸ்டார்ம் என்ற ரக்பி லீக் அணி அடுத்த ஆண்டே பட்டம் வென்றது, இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் அதன் தொடக்க ஆண்டுகளுக்குப் பின்னால் நியூஸ் லிமிடெட் என்ற ஊடக நிறுவனத்தின் பணம் இருந்தது. யுனைடெட், வெட்னஸ்டே என்ற இரண்டு கால்பந்துக் கழகங்களின் ஊரான ஷெஃபீல்டில், ஈகிள்ஸ் அணி 1998-இல் வெம்ப்ளியில் விகனை 17-8 என வீழ்த்தி, ரக்பி லீகின் சேலஞ்ச் கோப்பையை எடுத்தது. மறு ஆண்டு முடிவில் அந்தக் கழகம் ஹடர்ஸ்ஃபீல்டோடு இணைக்கப்பட்டது. பிறகு ஈகிள்ஸ் பெயரை ஷெஃபீல்டில் மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. கோப்பை வெல்லும் ஆண்டு வந்தால் அதைக் கொண்டாடுங்கள், ஆனால் அந்த மாதத்திலேயே அன்று முதன்முறை வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை, கால்பந்து முழு வேகத்தில் இருக்கும்போது, அதே பட்டியலில் உள்ளவர்களின் கால்பந்து அணி வென்ற மறுநாள் வாழ்த்தும், தோற்ற மறுநாள் ஆறுதலும் அனுப்புங்கள். பிப்ரவரியில் நம் முதல் ஆட்டத்தின் நாளையும் நேரத்தையும் அவர்களுக்குத் தெரிவிக்கும்போது, முந்தைய பருவத்தில் அவர்கள் உட்கார்ந்த இருக்கையின் எண்ணையும் சேர்த்து எழுதி, அது அவர்களுக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.