பகிர்வு சர்வர் காட்டும் வட்டு அளவு தவறாக இருந்தால் எங்கே தேடுவது?

பகிர்வுக் கோப்புறையில் இடம் நிறைய இருப்பதாகக் கணினி காட்டும். கோப்பை நகலெடுக்கப் போனால் இடமில்லை என்று மறுத்துவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. எதுவானாலும், தவறான எண் எந்த அடுக்கில் உருவாகிறது என்று தெரிவதற்கு முன் எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள். கோப்பும் போய்விடும், சிக்கலும் அப்படியே நிற்கும்.

சாம்பா (கோப்புறைகளை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் மென்பொருள்) இயங்கும் லினக்ஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம். சர்வரில் நுழைந்து, பகிரப்பட்ட கோப்புறையின் பாதையைக் கொடுத்து வட்டின் மொத்த இடத்தையும் மீதி இடத்தையும் காட்டும் டிஎஃப் (df) கட்டளையை இயக்கி, அது தரும் எண்ணைப் பயனரின் கணினி காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். அலகையும் கவனிக்க வேண்டும்: 4 டெராபைட் என்று விற்கப்படும் வட்டை, 1024-இன் அடிப்படையில் கணக்கிடும் விண்டோஸ் ஏறத்தாழ 3.64 என்றே காட்டும், இது பிழையன்று.

இரண்டு எண்களும் பொருந்தாவிட்டால் சாம்பாவின் பக்கம் தேட வேண்டும். ஒருவருக்கு மட்டும் அளவு குறைவாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது அவர் பயன்படுத்தும் இடத்துக்கு விதிக்கப்பட்ட கோட்டா வரம்பாகவே இருக்கும். எல்லோருக்கும் தவறாகத் தெரிந்தால், பெரிய வட்டு பகிர்வின் உட்கோப்புறை ஒன்றில் மவுண்ட் செய்யப்பட்டிருக்கிறதா (இணைக்கப்பட்டிருக்கிறதா) என்று பாருங்கள். டிரைவ் எழுத்துக்கு எதிரே வருவது பகிர்வின் மேல்நிலைக் கோப்புறை இருக்கும் வட்டின் அளவுதான். அடுத்து, சாம்பாவின் அமைப்பைச் சரிபார்த்துக் காட்டும் டெஸ்ட்பார்ம் (testparm) கட்டளையை இயக்கி, அமைப்புக் கோப்பில் ‘டிஃப்ரீ கமாண்ட்’ (dfree command) என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வரி சுட்டும் நிரல், மொத்த இடம், மீதி இடம் என இரண்டு எண்களை 1024 பைட் கொண்ட தொகுதிகளின் எண்ணிக்கையாகத் தர வேண்டும். அது பைட் கணக்கில் தந்துவிட்டால் வட்டு 1024 மடங்கு பெரிதாகத் தெரியும். அதனோடு, அந்த எண்களை நினைவில் வைத்திருக்கும் நேரமான ‘டிஃப்ரீ கேஷ் டைம்’ (dfree cache time) நீளமாக வைக்கப்பட்டிருந்தால், கோப்புகளை நீக்கிய பிறகும் பழைய எண்ணே சிறிது நேரம் நீடிக்கும்.

எண்கள் பொருந்தியும், கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் டியூ (du) கட்டளையின் கணக்கு மிகக் குறைவாக வந்தால், சிக்கல், வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையில் இருக்கிறது. டியூவை ரூட் (முழு நிர்வாகி) உரிமையுடன் இயக்குங்கள். இல்லையேல் படிக்க அனுமதியில்லாத கோப்புறைகள் கணக்கில் விடுபடும். நான் முதலில் சந்தேகிப்பது, நீக்கப்பட்ட பிறகும் ஏதோ ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகளைத்தான். பெயர் பட்டியலிலிருந்து மறைந்தாலும், அந்த நிரல் கோப்பை மூடும்வரை வட்டில் இடம் விடுபடாது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையின் வெளியீட்டில் ‘டெலிட்டட்’ (deleted) என்ற குறிப்போடு வரும் வரிகளைத் தேடி, அளவில் பெரியதை வைத்திருக்கும் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும். முழு சர்வரையும் நிறுத்த வேண்டியதில்லை. இசட்எஃப்எஸ் (ZFS), பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) ஆகிய கோப்பு முறைமைகளில் பழைய ஸ்னாப்ஷாட்டுகளும் (ஒரு நேரத்தின் நிலையை அப்படியே சேமித்த பதிவுகள்) இதேபோல் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இடம் இருந்தும் எழுத முடியாவிட்டால் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடங்கள்) தீர்ந்திருக்கலாம். எண்ணற்ற சிறு கோப்புகள் சேரும் பகிர்வுகளில் இது நேரும். டிஎஃப் கட்டளையிலேயே அதைக் காட்டும் தெரிவு உண்டு. இன்னொரு காரணமும் உண்டு: எக்ஸ்ட்4 (ext4) கோப்பு முறைமை, வழக்கமான அமைப்பில், 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கிவிடுகிறது. 4 டெராபைட்டில் அது 200 ஜிகாபைட். தரவு மட்டுமே இருக்கும் வட்டில் டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளை மூலம் இதை 1 சதவீதமாகக் குறைக்கலாம். இயங்குதளம் இருக்கும் வட்டில் இந்த ஒதுக்கீட்டைத் தொடாதீர்கள்.