பரங்கிமலையில் தொடங்கிய அளவைக்கு 225: உங்கள் ஊரில் எப்படி நினைவுகூர்வது

2027 ஏப்ரல் 10 சனிக்கிழமை வருகிறது. 1802-இல் அதே தேதியில்தான் பிரிட்டிஷ் படை அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலியைப் போட்டு நிலத்தை அளக்க ஆரம்பித்தார். அந்த அளவை பிறகு தெற்கே குமரிவரை இறங்கியது, வடக்கே முசோரி மலைவரை ஏறியது. 1818-இல் அதற்கு ‘மாபெரும் முக்கோணவியல் அளவை’ என்று அதிகாரபூர்வமாகப் பெயரும் வைத்தார்கள். 225 ஆண்டு ஆகப்போகிறதே, எங்கள் ஊரிலும் ஏதாவது செய்யலாமா என்று கடலூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் தெரிந்த ஆசிரியர்கள் கேட்டார்கள். நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன், வீடு ஆலந்தூர். அவர்களுக்கு ஃபோனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி ஒன்றே ஒன்றுதான்: பேச்சைக் குறையுங்கள், அளக்க வையுங்கள். சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பு இதே லாம்டனுக்கு விழா எடுத்தது. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை எல்லாம் முடிவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கூட்டி வந்த பள்ளிப் பிள்ளைகள் ஒரு டேப்பைக்கூடத் தொடாமல் பஸ் ஏறினார்கள். அளந்து பெயர் வாங்கிய மனிதருக்கு இப்படியா விழா எடுப்பது?

முதல் வேலை தேதி. எல்லா ஊரும் ஏப்ரல் 10-ஐப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ்–கிளார்க் பயணத்தின் 200-ஆம் ஆண்டை 2003-இல் தொடங்கி 2006 வரை நடத்தினார்கள். அவர்களை அனுப்பிய ஜனாதிபதி ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ வீட்டில் ஆரம்பித்து, பயணம் போன வழியெல்லாம் 15 பெரிய நிகழ்ச்சிகள் வைத்து, செயின்ட் லூயிஸில் முடித்தார்கள். பூர்வகுடி மக்கள் தங்கள் பக்கத்துக் கதையைத் தாங்களே சொல்ல ஒரு கூடாரமும் ஊர் ஊராகக் கூடவே போனது. அவர்களிடம் இருந்த பணம் நம்மிடம் இல்லை. ஆனால் அந்த நாள்காட்டி யோசனையைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். சென்னைக்கு 1802, அதனால் 2027. பெங்களூரில் அடிக்கோடு (முக்கோணக் கணக்குக்கு ஆதாரமாகச் சங்கிலியால் நேரே அளக்கும் கோடு) அளந்தது 1804, அவர்களுக்கு 2029. தஞ்சாவூரில் கருவி மோதிய சம்பவம் (பின்னால் சொல்கிறேன்) 1808-இல் நடந்தது. அவசரமே இல்லை, 2033 வரை நேரம் இருக்கிறது. அதுவரை பொறுக்க முடியாதென்றால் 2028-இல் 220 என்று சின்னதாகச் செய்யலாம். குமரிக்கு 1809. இப்படி ஆளுக்கொரு வருடம் வைத்துக்கொண்டால் ஒரு ஊர் வாங்கிய கருவிகள் அடுத்த ஊருக்கும் ஆகும்.

குழுவுக்கு ஐந்து பேர் போதும். கருவி தெரிந்த ஒருவர், பிழையில்லாமல் தமிழ் எழுதும் ஒருவர், சலிக்காமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் ஒருவர், கணக்கு வைக்கும் ஒருவர், பள்ளிகளில் செல்வாக்குள்ள ஓர் ஆசிரியர். ஆறாவது ஆள் வந்தால் கௌரவத் தலைவர் பதவி கேட்பார். கருவியைத் தேடி அலைய வேண்டாம். பக்கத்துப் பாலிடெக்னிக் சர்வே லேபில் பழைய வெர்னியர் தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி, வெர்னியர் என்பது அதன் நுண்ணளவுகோல்) ஒன்று பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். சென்னைக்காரர்கள் கிண்டி பொறியியல் கல்லூரியைக் கேளுங்கள். அந்தக் கல்லூரியே 1794-இல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான், உரிமையோடு கேட்கலாம்.

சென்னை நிகழ்ச்சிக்கு 2027-இல் ஒரு சிக்கல் உண்டு. பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பார்கள், ஒத்திகைக்குக் கிடைக்க மாட்டார்கள். பேச வேண்டியதை ஜனவரிக்குள் பேசி முடித்துவிடுங்கள். ஏப்ரல் 10 இரண்டாம் சனிக்கிழமை, வங்கி கிடையாது. கைச்செலவுப் பணத்தை வெள்ளிக்கிழமையே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். மலை உச்சியில் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருப்பதால் எல்லோரும் உச்சிக்கே போகப் பார்ப்பார்கள். அளவை நடந்தது கீழே, சமவெளியில். பரங்கிமலைப் பக்கம் தொடங்கி, தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே கோடு. இன்றைக்கு அந்தக் கோட்டில் நடந்து போக முடியாது. மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து வீடுகளின் சமையலறை வழியாகப் போக வேண்டியிருக்கும். அதனால் காலையில் உச்சியில் அரை மணி நேரம் நின்று தெற்கே பெரும்பாக்கம் எந்தத் திசை என்று காட்டிவிட்டு, அளக்கும் வேலையை ஆதம்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் வையுங்கள். உச்சியில் இருப்பது வழிபாட்டுத் தலம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், திருப்பலி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றி இருப்பது கன்டோன்மென்ட், அவர்களுக்கும் போலீஸுக்கும் தனித்தனிக் கடிதம். ட்ரோன் பேச்சே எடுக்காதீர்கள், மீனம்பாக்கம் ஓடுதளம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்து சர்வேயர்கள் கண்ணாடியில் வெயிலைத் திருப்பித் தூரத்துக்கு அடையாளம் காட்டினார்களே, நாமும் செய்யலாமா என்று ஒரு பையன் நிச்சயம் கேட்பான். நல்ல யோசனைதான், விமானம் இறங்கும் ஊரில் மட்டும் கூடாது. கடலூர்க்காரர்கள் செய்யலாம். லாம்டன் கருவி வைத்துப் பார்த்த ஆரம்ப கால நிலையங்களில் ஒன்று அங்கே திருவந்திபுரத்தில் இருந்தது.

இனி அளக்கும் வேலை. நிகழ்ச்சியின் உயிரே இதுதான், இதற்கு மட்டும் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

லாம்டனிடம் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி, இரண்டரை அடித் துண்டுகள் நாற்பது. அதை மண்ணில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகள் மேல் நீளப் பெட்டிகளை வரிசையாக வைத்து, அதற்குள் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்துப் படித்தார்கள். இவ்வளவு எதற்கு என்பதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லாதீர்கள், கையால் காட்டுங்கள்.

30 மீட்டர் எஃகு டேப் ஒன்று வாங்குங்கள். ஃபைபர் டேப் வேண்டாம், கடைக்காரர் அதைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார். மைதானத்தில் 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இரண்டு கட்டைகளை அடித்து, தலையில் ஆணி வைத்து, ஆணித் தலையில் ரம்பத்தால் கூட்டல் குறி கீறுங்கள். கட்டை ஆடக்கூடாது, சுற்றிச் சிமென்ட் போடுங்கள். காலை ஆறரைக்கு ஒரு அளவு. டேப்பின் ஒரு முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே இழுப்பு, ஐந்து கிலோ என்றால் ஐந்து கிலோ. டேப்பை ஒட்டி வெப்பமானி. மில்லிமீட்டர்வரை படித்து எழுத வேண்டும். டேப்பை அப்படியே வெயிலில் கிடக்க விட்டு, மதியம் ஒரு மணிக்கு அதே இழுப்பில் மறுபடி ஓர் அளவு.

ரீடிங் மாறியிருக்கும். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் 30 மீட்டர் எஃகு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். சித்திரை நெருங்கும் வெயிலில் டேப்பின் சூடு அதைவிட அதிகமாகவே ஏறும். இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். டேப் நீண்டுவிட்டது, அதனால் ரீடிங் கூடியிருக்கும் என்று பாதிப் பேர் அடித்துச் சொல்வார்கள். தாளைப் பார்த்தால் குறைந்திருக்கும். ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும், பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சண்டை ஓய்ந்த பிறகு கரும்பலகையில் ஒரு பெருக்கல். ஏழரை மைல் என்றால் 100 அடிச் சங்கிலியைக் கிட்டத்தட்ட 400 முறை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்றரை மில்லிமீட்டர் தவறினால் மொத்தம் 1.4 மீட்டர். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கிலேயே எடுத்துவிடலாம், அதனால் இந்த ஒரு கோட்டின் மேல்தான் முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக மங்களூர்வரை கட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப் போய்த்தான், பழைய வரைபடத்தில் 400 மைல் என்றிருந்த தீபகற்பத்தின் அகலம் அங்கே உண்மையில் 360 மைல்தான் என்று கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் முக்கோணம். மூன்று மொட்டை மாடிகளைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றிலிருந்து மற்ற இரண்டும் தெரிய வேண்டும். ஒவ்வொன்றிலும் தியோடலைட் வைத்து உள்கோணத்தைப் படித்துக் கூட்டினால் 180 டிகிரிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும். டோட்டல் ஸ்டேஷன் என்ற இன்றைய மின்னணுக் கருவி இருந்தாலும் முதலில் பழைய கருவிதான். வெர்னியரைக் கண்ணால் படிக்கட்டும். கைப்பிடிச் சுவர் உயரம், பெரியவர் ஒருவர் கூடவே நிற்பது இரண்டையும் மறக்காதீர்கள்.

தஞ்சாவூருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காவிரிச் சமவெளியில் குன்று கிடையாது, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். அதனால் லாம்டன் கோயில் உச்சிகளையே நிலையமாக்கினார். அவருடைய தியோடலைட் அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியிலேயே பிரெஞ்சுக் கப்பல் அதைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு சென்னைக்கு அனுப்பி வைத்தது. அப்படித் தப்பி வந்த கருவியை 1808-இல் பெரிய கோயில் உச்சிக்குக் கயிற்றில் ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் படிக்கும் வட்டம் கோணிப்போனது. ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து வாரக்கணக்கில் அதை இழுத்து இழுத்து நிமிர்த்தினார் மனிதர்.

இந்தக் கதை இருக்கிறது என்பதற்காகக் கோயிலுக்குள் மேடை கேட்காதீர்கள். உலக மரபுச் சின்னம், தொல்லியல் துறைப் பாதுகாப்பு, அன்றாடப் பூசை நடக்கும் இடம். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பக்கத்தில் சிவகங்கைப் பூங்கா இருக்கிறது. கோயிலுக்கு வெளியே விமானம் தெரியும் இரண்டு இடங்களைத் தேர்ந்து, இடையிலுள்ள தூரத்தை டேப்பால் அளந்து, இரண்டு இடத்திலிருந்தும் உச்சியின் ஏற்றக் கோணத்தை எடுத்துப் பிள்ளைகளே உயரத்தைக் கணக்குப் போடட்டும். 216 அடி என்று எல்லோருக்கும் மனப்பாடம். வரும் விடை அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். விமானத்தில் தொப்பி போட்ட ஒரு முகம் உண்டல்லவா, அதுதான் லாம்டன் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். முளையிலேயே கிள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் வாட்ஸாப்பில் சுற்றும்.

விளக்கப் பலகையில் என்ன எழுதுவது? ‘இந்தியாவைக் கண்டறிந்தவர்’ மாதிரி வாசகம் வேண்டாம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, கைக்கு வந்த நிலத்தைக் கணக்கெடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேவை இருந்தது. வரைபடம் படைக்கும் பயன்பட்டது, வரிக்கும் பயன்பட்டது. இதை மறைக்காமல் இரண்டு வரி எழுதினால் விழா ஒன்றும் கெட்டுப்போகாது. குன்றுமேல் நின்று தூரநோக்கியில் நம் வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் கோபப்பட்டதையும் எழுதுங்கள், அதுவும் வரலாறுதான். எவரெஸ்ட் சிகரத்தின் படத்தைப் பெரிதாகப் போடும் ஆசை வரும். அந்தச் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இந்த வேலையில் சேர்ந்ததே 1818-இல். தமிழ்நாட்டுப் பகுதி அதற்கு முன்பே லாம்டன் காலத்து வேலை. இடமிருந்தால் லாம்டனின் உதவியாளர் ஜோஷுவா டி பென்னிங்கைப் பற்றி எழுதுங்கள், சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தாரைப் பற்றி எழுதுங்கள். சங்கிலி இழுத்தவர்கள், கொடி பிடித்துக் குன்றுமேல் காத்துக் கிடந்தவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் பெரும்பாலோர் பெயர் நமக்கு வரவில்லை. அதனால் மேடைக்கு யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால், உங்கள் தாலுகாவில் ஓய்வு பெற்ற செயின்மேன் ஒருவரைக் கூப்பிடுங்கள். முள்ளுக்காட்டில் சங்கிலி இழுத்த கதையை அவர் சொன்னால் ஒரு பிள்ளை எழுந்து போகாது.

செலவு பெரிதாக ஆகாது: டேப், தராசு, வெப்பமானி, தாள், குடை, ஒரு பெரிய டிரம் நீர்மோர். பணம் தருகிறேன் என்று வருபவர் ஃப்ளெக்ஸில் தன் படம் போடச் சொன்னால், மோருக்கு மட்டும் கொடுங்கள் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

அளவைத் தாள் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்: தேதி, நேரம், வெப்பநிலை, இழுப்பு, ரீடிங், இரண்டு முனையையும் பிடித்தவர்கள் பெயர், எழுதியவர் கையெழுத்து. பென்சில் கூடாது, அடித்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம். மூன்று படி எடுத்து ஒன்றைப் பள்ளியில் வையுங்கள், ஒன்றை மாவட்ட நூலகத்தில் கொடுங்கள். மூன்றாவது, டேப்போடும் தராசோடும் சேர்ந்து அடுத்த ஊர்க் குழுவுக்குப் போக வேண்டும். அனுப்புவதற்கு முன் டேப்பைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள், துருப்பிடித்தால் இலக்கம் தெரியாது.