மார்ச் மாத ஐஸ் ஹாக்கி: எதை நேரில் பார்ப்பது, எதை டிவிக்கு விடுவது

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கியின் தேசியத் தொடரை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் அணி போகும் ஊரைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். காரில் போய் அன்று இரவே வீடு திரும்பக்கூடிய அரங்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் மாசசூசெட்ஸில் குடியிருப்பவன், பாஸ்டன் பல்கலைக்கழக அணியின் பரம ரசிகன். ஆனாலும் 2025-இல் எங்கள் அணியை ஒஹாயோவில் உள்ள டொலீடோவுக்கு அனுப்பியபோது, நான் பக்கத்திலிருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மான்செஸ்டருக்குத்தான் போனேன். எங்கள் பரம எதிரியான பாஸ்டன் காலேஜ் நாட்டின் முதல் தரவரிசையோடு வந்து டென்வர் பல்கலைக்கழகத்திடம் 3-1 என்று தோற்றது அங்கேதான். போன செலவுக்கு அதுவே போதும்.

தொடரின் நாள்காட்டியைப் பாருங்கள். மொத்தம் 16 அணிகள். எந்த அணி எங்கே ஆடும் என்பது ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வரும்வரை யாருக்கும் தெரியாது. நான்கு ஊர்களில் ஊருக்கு நான்கு அணிகளாகப் பிரிப்பார்கள். இந்தச் சுற்றுக்கு ரீஜனல் என்று பெயர். ஊருக்கு ஓர் அணியாக வெல்லும் நான்கும்தான் கடைசி நால்வர் சுற்றுக்குப் போகும். வியாழன் அல்லது வெள்ளியன்று முதல் ஆட்டம். நான்கைந்து நாள் இடைவெளியில் விமான டிக்கெட் எடுத்து, விடுதி பிடித்து, அலுவலகத்தில் விடுப்பும் கேட்டு எத்தனை பேர் கிளம்ப முடியும்? எந்த அணிக்கும் சொந்த ஊராக இல்லாத பொது ஊர்களில் நடக்கும் ரீஜனல் அரங்கங்களில் காலி நாற்காலிகள் கண்ணில் படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ரசிகர்களுக்கு ஆர்வமில்லை என்று தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் சட்டை செய்வதில்லை.

காலி நாற்காலி உள்ளூர்க்காரனுக்கு லாபம். அட்டவணை வரும்வரை டிக்கெட் வாங்காமல் காத்திருக்கலாம். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒவ்வொரு ரீஜனலையும் ஒரு கல்லூரி பொறுப்பேற்று நடத்துகிறது. அந்தக் கல்லூரி தகுதி பெற்றுவிட்டால் அதை அந்த ஊரில்தான் ஆட வைப்பார்கள். 2025-இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் ரீஜனலை நடத்திய பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் அங்கேயே மெய்னையும் கனெக்டிகட்டையும் வென்று, முதன்முறையாகக் கடைசி நால்வரில் இடம்பிடித்தது. 2017-இல் வட டகோட்டா பல்கலைக்கழகம் நடத்திய ஃபார்கோ ரீஜனலில், தரவரிசையில் மேலே இருந்தும் எங்கள் பாஸ்டன் அணிதான் எதிர்க்கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே ஆட வேண்டியிருந்தது. இரண்டாவது கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றோம் என்பது வேறு கதை. ஆகவே பிப்ரவரியிலேயே பாருங்கள்: உங்களுக்கு அருகிலுள்ள ரீஜனலை நடத்தும் கல்லூரி தகுதி பெறும் நிலையில் இருந்தால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஞாயிறுவரை பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

ஒவ்வொரு ரீஜனலிலும் முதல் நாளில் இரண்டு அரையிறுதி, ஒரு நாள் ஓய்வு, பிறகு ரீஜனல் இறுதி. அண்மை ஆண்டுகளில் இரண்டு ரீஜனல்கள் வியாழனிலும் இரண்டு வெள்ளியிலும் தொடங்குகின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்களாக அமைந்துவிட்டால் இரண்டையும் பிடித்துவிடலாம். 2024-இல் ஸ்பிரிங்ஃபீல்டு வியாழன், பிராவிடன்ஸ் வெள்ளி. என் மைத்துனன் ஊரிலிருந்து வந்திருந்தான், அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். இறுதி ஆட்டத்துக்கு மட்டும் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதல் நாள் இரவு தோற்ற அணிகளின் ரசிகர்கள் கையில் இறுதிக்கான டிக்கெட் மிஞ்சியிருக்கும். மறுவிற்பனைத் தளங்களில் விலை இறங்குவது அப்போதுதான்.

இருக்கை விஷயத்தில் பனித்தளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியை ஒட்டிய முதல் வரிசைக்கு ஆசைப்பட வேண்டாம். மோதல் சத்தம் காதில் நன்றாக விழும். மறுமுனையில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது. மூலைப்பக்கம் பத்துப் பதினைந்து வரிசை மேலே உட்காருங்கள். எந்த மூலை என்பதும் முக்கியம். ஆட்டம் மூன்று பீரியடுகளாக, அதாவது மூன்று பகுதிகளாக நடக்கும். முதல் பீரியடில் கோலி எனும் வலைக்காவலர், தன் அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அருகிலுள்ள வலையைக் காப்பார், இரண்டாவதில் முனை மாறும், மூன்றாவதில் பழையபடி. அதனால் எதிரணியின் பெஞ்ச் இருக்கும் பக்கத்து மூலையில் இடம்பிடித்தால், மூன்றில் இரண்டு பீரியடுகளில் உங்கள் அணி உங்களை நோக்கித் தாக்க வரும். இரண்டாவது பீரியடில் தடுப்பாட்டக்காரர்களுக்குத் தங்கள் பெஞ்ச் தொலைவாகிவிடும். ஆள் மாற்ற நேரமில்லாமல் மூச்சு வாங்கி நிற்பார்கள். அப்போது கோலியின் முகத்தைவிட அவர்களின் முழங்கால்களைப் பாருங்கள், கதை புரியும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் மைத்துனன் முதல் பத்து நிமிடம் புலம்பினான்: "அத்தான், அந்தக் கறுப்பு வில்லை எங்கே போகிறது என்றே தெரியவில்லையே!" பக் எனும் அந்த வில்லையைத் துரத்தாதே, ஆட்டக்காரர்களின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார், கண் தானே அங்கே போய்ச் சேரும் என்றேன். அன்று டென்வர், ரீஜனலை நடத்திய மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தை இரண்டாவது கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. அதற்குள் அவன் நடுவரைத் திட்டும் அளவுக்குத் தேறியிருந்தான். ஸ்வெட்டர் கொண்டுபோக மறக்க வேண்டாம், மார்ச் வெயிலை நம்பக் கூடாது. சைவர்களுக்கு உள்ளே பீட்சாவும் பாப்கார்னும்தான் கதி. வெளியே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. பைகளைப் பற்றிய விதியை அரங்கத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரோசன் ஃபோர் எனும் கடைசி நால்வர் சுற்று முற்றிலும் வேறு வகை. ஊர் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடும். 2023 தாம்பா, 2024 செயின்ட் பால், 2025 செயின்ட் லூயிஸ், 2026 லாஸ் வேகஸ். எந்த அணி வரும் என்று தெரியாமலேயே டிக்கெட் எடுத்துத் திருவிழாவுக்கு வருவதுபோல் வருகிறவர்கள் அதிகம். ஆடாத கல்லூரிகளின் சட்டைகளையும் அங்கே பார்க்கலாம். 2010-இல் டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டில், அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தில், இறுதியை 37,592 பேர் பார்த்தார்கள். எண்ணிக்கை பிரமாதம்தான். ஆனால் அவ்வளவு பெரிய கிண்ணத்தின் மேல்வரிசையில் உட்காருவதைவிட வீட்டு சோபா மேல் என்பது என் கட்சி.

உண்மையான சத்தம் கேட்க வேண்டுமானால் கல்லூரி வளாக அரங்கத்துக்கே போக வேண்டும். ஆண்கள் தொடரிலும் முதல் சுற்றையாவது தரவரிசையில் மேலே உள்ள கல்லூரியின் சொந்த அரங்கத்தில் நடத்தலாம் என்று வாதிடுகிறவர்களில் நானும் ஒருவன். சொந்தப் பனித்தளம் ஒருவருக்குச் சாதகமாகிவிடும் என்கிறார்கள். ஃபார்கோவில் வட டகோட்டாவுக்குக் கிடைத்தது வேறென்ன? பெண்கள் தொடரில் முதல் சுற்றும் காலிறுதியும் வளாகங்களிலேயே நடக்கின்றன. அருகில் அப்படியொரு ஆட்டம் இருந்தால் தவறவிடாதீர்கள்.

இனி தொலைக்காட்சி. ஆட்டங்கள் ஈஎஸ்பிஎன் குழுமத்தின் அலைவரிசைகளில் சிதறிக் கிடக்கும். அதே வார இறுதியில் பெண்கள் கூடைப்பந்துத் தொடரும் அவர்களிடமே இருப்பதால் ஹாக்கி பெரும்பாலும் ஈஎஸ்பிஎன் 2, ஈஎஸ்பிஎன் யூ, ஈஎஸ்பிஎன் நியூஸ் என்று ஒதுக்கப்படுகிறது. ஃப்ரோசன் ஃபோர் வியாழனிலோ மாஸ்டர்ஸ் கோல்ஃப் வந்து குறுக்கே நிற்கும். அதனால் அலைவரிசை எண்ணை நம்பாமல், செயலியில் அணியின் பெயரைத் தேடுங்கள். உங்கள் சந்தாவில் அந்த அலைவரிசை உண்டா என்று முந்தின நாளே சரிபாருங்கள். வர்ணனை பிடிக்காவிட்டால் டிவியின் ஒலியை அடைத்துவிட்டு உங்கள் கல்லூரியின் வானொலியைக் கேட்கலாம். இரண்டும் ஒன்றாக ஓடாது. எது முந்துகிறதோ அதை ஃபேஸ் ஆஃபின்போது, அதாவது நடுவர் வில்லையைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும்போது, நிறுத்தி, மற்றது வந்து சேர்ந்ததும் ஓடவிடுங்கள்.

பதிவு செய்து பார்க்கிறவர்கள் ஆட்டத்தோடு அடுத்து வரும் இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பதியுங்கள். இந்தத் தொடரில் சமநிலை கிடையாது. கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாகக் கூடுதல் நேரம் நீளும். 2021-இல் ஃபார்கோவில் வட டகோட்டா கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. மினசோட்டா டுலூத் ஐந்தாவது கூடுதல் நேரத்தில்தான் 3-2 என்று வென்றது. மொத்தம் 142 நிமிடம் 13 விநாடி. மூன்று மணி நேரத்துக்கு மட்டும் பதிவு வைத்தவர்களுக்குக் கிடைத்திருப்பது 2-2 தான்.